பெயர் பெறாத திறன்கள்

நுழையும்முன்
திறன் இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமையால் வேலைவாய்ப்பை இழப்போர் பலர். அவர்களுக்கு உதவ வேண்டியவர் யார், எவ்வாறு உதவ வேண்டும் என்பன பற்றி இக்கட்டுரை பேசுகிறது.

பள்ளியில் நிரப்பித் தரும் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் பலவற்றில் அப்படிவத்தை நிரப்புவோர் பிள்ளைகளே. வீட்டில் இந்தியும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்திற்குச் செல்லும் பிள்ளைகள் உளர். தாயைக் கேட்டாலும் அவர் அதையே சொல்கிறார். அந்த ஒரு சொல் உண்மைதானா என்பதே இங்கு எழும் வினா.

மும்பையின் தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே விடியுமுன் இட்லி அவித்து, நகரின் பல பகுதிகளுக்கும் கொண்டுசென்று விற்போர் பலர். அத்தகைய வீட்டுப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கோடையில் மாவு விரைந்து புளிக்கும், குளிர்ந்த நாளில் மெல்லப் புளிக்கும் என்பதறிந்து அவர் அரைக்கும் நேரத்தை மாற்றுகிறார். நாளைக்கு எத்தனை இட்லி விற்கும் என்று இன்றே கணிக்கிறார். யாருக்குக் கடன் தரலாம், யாரிடம் எப்போது கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியும். தமிழில் கணக்குப் பார்க்கிறார். இந்தியில் விலை பேசுகிறார். மராத்தியில் வாடிக்கையாளரிடம் நலம் விசாரிக்கிறார். இத்தனையும் செய்பவரிடம், மருத்துவமனை உணவகம் ஒன்றில் சமையலுக்கு ஆள் தேவை, விண்ணப்பிக்கலாமே என்று சொன்னால், அவர் தரும் மறுமொழி, “எனக்கு என்ன தெரியும்?” என்பதாகவே இருக்கும்.

இதைப் பணிவு என்று பாராட்டிவிட்டு நகர்வது தவறு. பல ஆண்டுகளாகச் செய்த வேலைக்கு எவரும் பெயர் சூட்டவில்லை; சான்றிதழ் தரவில்லை; ‘சும்மா வீட்டில் இருக்கிறாள்’ என்றே ஊரும் உறவும் சொல்லின. ஒருவரைப் பற்றிப் பிறர் இடைவிடாது சொல்வதை அவரும் நம்பத் தொடங்குகிறார். இவ்வாறு ஏற்படும் தன்னம்பிக்கைக் குறைவை, ‘உன்னால் முடியும்’ என்ற வெறும் ஊக்கமொழியால் போக்கிவிட இயலாது. எதை வைத்து முடியும் என்பதற்கான சான்று அவர் கண்முன் வைக்கப்பட வேண்டும்.

பெயரின் ஆற்றலை நன்குணர்ந்தவர் வழக்கறிஞர் இலா பட் அம்மையார். அகமதாபாத்தில் தலைச்சுமை தூக்கியும், பழந்துணி விற்றும், காய்கறி விற்றும் பிழைத்த பெண்களை ஒன்றுதிரட்டி, 1972ஆம் ஆண்டு ‘சேவா’ என்னும் தொழிற்சங்கத்தை அவர் தொடங்கினார். அதனைப் பதிவு செய்யத் தொழிலாளர் துறை முதலில் தயங்கியது. முதலாளி என்று ஒருவர் இல்லாதபோது தொழிற்சங்கம் எதற்கு என்பது அதிகாரிகளின் கேள்வி. சங்கம் என்பது முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, தொழிலாளர் தமக்குள் ஒன்றுபடுவதற்கும்தான் என்று வாதாடிப் பதிவு பெற்றனர். ‘அமைப்புசாரா’ என்ற சொல் அப்பெண்களிடம் இல்லாத ஒன்றையே சுட்டியது. எனவே அதை விடுத்து, அவர்கள் செய்வதைச் சுட்டும் ‘சுயதொழில்’ என்ற சொல்லை இலா பட் தேர்ந்தெடுத்தார். 1974இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் முதலிட்டுத் தமக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றையும் தொடங்கினர். கையொப்பமிடத் தெரியாத பெண்களை அடையாளம் காண அவ்வங்கி ஒளிப்படங்களைப் பயன்படுத்தியது. எழுத்தறியாமை அவர்களின் சேமிப்புக்குத் தடையாகவில்லை.

இன்று அரசும் இவ்வழியில் சில படிகளை அமைத்துள்ளது. 2015ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் திறன் இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் திட்டங்களுள் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்பதும் ஒன்று. பள்ளியிலோ பயிற்சி நிலையத்திலோ கற்காமல், வேலை செய்தே தொழில் கற்ற கொத்தனார், தையற்காரர், சமையற்காரர் போன்றோரின் திறனைச் சோதித்து, தேறியவர்க்குச் சான்றிதழ் தருவது இத்திட்டம். 2021 ஆகத்து 26ஆம் நாள் தொடங்கிய இ-சிரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர் தம் தொழிலையும் திறனையும் தாமே பதியலாம். எனினும் இவ்விரண்டிற்கும் ஒரு முன்தேவை உண்டு. தமக்கு ஒரு தொழில் தெரியும் என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். ‘ஒன்றும் தெரியாது’ என்பவரை எந்தத் திட்டமும் சென்றடைவதில்லை.

அந்த முதற்சொல்லை வரவழைக்கும் பணியில் பிள்ளைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பது பயன் தராது. ‘நேற்று விடியற்காலை முதல் என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் ஒவ்வொரு வினையையும் எழுத வேண்டும். பின்னர் எண்களைக் கேட்க வேண்டும்: எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், எத்தனை ஆண்டுகள், நாள்தோறும் எவ்வளவு பணம் கையாண்டீர்கள்? அடுத்து, ஏதேனும் தவறிப்போனபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்க வேண்டும். திறன் மிகத் தெளிவாக வெளிப்படுவது இந்த மூன்றாம் வினாவிற்கான விடையில்தான். எழுதியதை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டினால், தம் வாழ்வை முதன்முறையாக வேறொருவர் குரலில் அவர் கேட்பார். பின்னர் அவற்றையே அவர் தம் வாயால் சொல்லிப் பழக வேண்டும். நேர்காணலில் பேச வேண்டியவர் அவரேயன்றிப் பிள்ளை அன்று.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எழுதுவது உண்மையாக இருத்தல் வேண்டும். இட்லி விற்றவரை ‘உணவு மேலாண்மை வல்லுநர்’ என்று அலங்கரித்தால், நேர்காணலின் முதல் வினாவிலேயே அவர் தலைகுனிய நேரும். ‘நாள்தோறும் 400 இட்லி, பத்து ஆண்டுகள், கடன் கணக்கு முழுவதும் என் பொறுப்பு’ என்ற எளிய தொடர் அதைவிட வலியது. யார் கேட்டாலும் அவர் விளக்கிச் சொல்லக்கூடியது.

சான்றிதழும் தன்னம்பிக்கையும் இருந்தால் மட்டும் வேலை கிடைத்துவிடுமா என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வயதையும் சாதியையும் பேசும் மொழியையும் காட்டி ஒதுக்கும் இடங்கள் இன்னும் உள்ளன. வேலை கிடைக்காமைக்குத் தேடுபவரின் தயக்கமே காரணம் என்று பழிசுமத்துவது அநீதி. ஆனால், தம் திறனின் மதிப்பை அறிந்தவருக்கு, ஒதுக்கப்படும்போது அது தம் குறையால் அன்று என்பது புரியும். குறைந்த கூலிக்கு அழைக்கப்படும்போது, இந்த வேலைக்கு இது போதாது என்று சொல்ல நா எழும். வேலை கிடைக்காத நாளிலும் அவரிடம் நிலைத்திருக்கும் செல்வம் அது.

தகுதியறிந்து ஒருவரிடம் பணியை ஒப்படைப்பதற்கு ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரத்தையே வகுத்தார் திருவள்ளுவர். அது ஆள்வோருக்குச் சொன்னது. அடுத்தவரின் தகுதியை அறியும் அக்கடமை இன்று படிவத்தை நிரப்பும் பிள்ளைக்கும் உரியது. அடுத்த முறை அந்தக் கட்டம் வரும்போது, எழுதுகோல் சற்று நிற்கட்டும். அடுப்படியில் இருப்பவரிடம் சென்று கேட்ட பின்னர் எழுதட்டும்.

சிந்தித்து எழுதுக
1. ‘அமைப்புசாரா’, ‘சுயதொழில்’ ஆகிய சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. தன்னம்பிக்கை மட்டுமே வேலையைப் பெற்றுத் தந்துவிடுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒருவரிடம் பாடத்தில் உள்ள மூன்று வினாக்களையும் கேட்டு, அவருடைய திறன்களைப் பத்து வரிகளில் எழுதுக. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுக.