பினாங்கில் வராத குளிர்காலமும் பல்லியின் கொழுத்த வாலும்

பினாங்கில் குளிர்காலம் கிடையாது. எந்த மாதமானாலும் ஜார்ஜ்டவுனில் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மழை நாள்களில் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். புவியியல் பாடத்தில் படித்துவிட்டு மறந்துபோகும் இந்தச் சின்ன உண்மையை, வீட்டில் சிறுத்தைப் பல்லி வளர்க்கும் மாணவர்கள் தங்கள் பல்லியின் வாலோடு சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

லெப்பர்ட் கெக்கோ என்று கடைகளில் விற்கப்படும் சிறுத்தைப் பல்லியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் உடல், கரும்புள்ளிகள், சிரிப்பதுபோன்ற வாய். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்குத் தூரத்து உறவு. ஆனால் விரல்களில் ஒட்டும் பட்டை இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. கண் இமையும் உண்டு. தூங்கும்போது நம்மைப்போலவே கண்ணை மூடிக்கொள்ளும். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் பிளித் 1854ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் ஆராய்ந்த பல்லி, இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும்கூட இந்தப் பல்லி வாழ்கிறது. கல்லும் புதரும் நிறைந்த வறண்ட நிலம். கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் பல்லியால் நடமாட முடியாத அளவுக்குக் குளிரும்.

அந்தக் குளிர் மாதங்களில் பூச்சி கிடைக்காது. பல்லி பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். அதுவரை தின்றதில் மிஞ்சியதையெல்லாம் கொழுப்பாக வாலில் சேர்த்து வைத்திருக்கும். அதைக் கரைத்துத்தான் வசந்தம்வரை உயிர் வாழும். வால் அதற்குச் சேமிப்புக் கணக்கு. கோடையில் போடும், குளிரில் எடுக்கும்.

பினாங்கில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் பல்லிக்கு எடுக்கும் பருவமே வருவதில்லை. போடுவது மட்டும் ஆண்டு முழுவதும் நடக்கிறது. வால் நிறைந்த பிறகு கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது, பிறகு கல்லீரலில் படிகிறது. வெளியே பார்த்தால் பல்லி ‘கொழுகொழு’ என்று அழகாகத்தான் இருக்கும். நாமும் மகிழ்ந்து இன்னொரு புழுவைப் போடுவோம்.

இதில் பல்லியின் குற்றம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கும் ஊர் நம்முடையது. அன்பை நாம் தட்டில்தான் பரிமாறுவோம். அதன் விலையை நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்: 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்று தெரியவந்தது. அதே அன்பைப் பல்லிக்கும் காட்டுகிறோம். தீனி டப்பாவைக் கையில் எடுத்ததும் அது கண்ணாடியருகே ஓடி வருவதைப் பசி என்று எண்ணிக்கொள்கிறோம். டப்பா வந்தால் தீனி வரும் என்று அது பழகிவிட்டது, அதனால் ஓடி வருகிறது.

சிறுத்தைப் பல்லி குளிர் இரத்தப் பிராணி. உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவை எரிப்பதில்லை, வெளியிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் அதே எடையுள்ள ஓர் எலிக்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். முட்டையிலிருந்து வரும்போது ஏறக்குறைய 3 கிராம்தான் இருக்கும். வளரும் அந்த மாதங்களில் தினமும் தீனி வேண்டும். ஆறு மாதம் கழிந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். ஒரு வயதைத் தாண்டி வளர்ச்சி நின்றுவிட்டால் வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று வேளை. ஒரு வேளைக்கு ஐந்தாறு பூச்சிகள். ஒவ்வொரு பூச்சியும் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குட்டியாக இருந்தபோது பழகிய தினசரித் தீனி, பல்லிக்கு மூன்று வயதான பிறகும் தொடர்கிறது.

என்ன கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பறவைத் தீனிக்காக நம் ஊர்க் கடைகளில் செங்கெரிக் என்று விற்கும் சிள்வண்டில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் கொழுப்பு இருக்கிறது. மாவுப்புழுவில் 13 கிராம், சூப்பர்வோர்ம் எனப்படும் பெரிய புழுவில் 18, மெழுகுப்புழுவில் 25. பல்லிக்கு மெழுகுப்புழு உயிர். நமக்குப் பொரித்த கோழி மாதிரி. ஒருமுறை பழகிவிட்டால் சிள்வண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முறைக்கும் பல்லிகள் உண்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும். சிள்வண்டிலும் ஒரு குறை இருக்கிறது. அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. ஆகவே முதல் நாளே பூச்சிகளுக்குக் கீரை, கேரட் கொடுத்து, பல்லிக்குப் போடுமுன் கால்சியம் தூளில் புரட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை சரியாக இருந்தாலும் எலும்பு வளைந்துவிடும்.

காசு மிச்சமாகும் என்று தாமானில் பூச்சி பிடித்துப் போடாதீர்கள். டிங்கி கொசுவை ஒழிக்க நம் குடியிருப்புகளில் புகை அடிக்கிறார்கள். அதில் சிக்கித் தடுமாறும் பூச்சிதான் உங்கள் கைக்குச் சுலபமாக அகப்படும். மின்மினி வேண்டவே வேண்டாம். அமெரிக்க மின்மினி வகை ஒன்றைத் தின்ற வளர்ப்பு ஓணான்கள் இறந்திருக்கின்றன. நிபோங் திபால் ஆற்றங்கரை மின்மினிகளைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

சரி, பல்லி ஒல்லியா, பருமனா? கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். வாலின் தடித்த பகுதி கழுத்தளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் நல்லது. தலையைவிட வால் அகலமாகி, நடக்கும்போது வயிறு தரையில் இழுபட்டால் அது பருமன். இடுப்பெலும்பு துருத்தி, வால் குச்சிபோல் ஆனால் ஆபத்து. ஆனால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது. அதனால்தான் பல்லி வாங்குமுன் 1 கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்குங்கள் என்கிறேன். கூண்டு அலங்காரத்துக்குச் செலவிடும் ரிங்கிட்டில் ஒரு பகுதி போதும். அம்மாவின் சமையல் தராசைத் தொடாதீர்கள். பல்லியின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பல்லிக்கென்று தனித் தராசு, தனி டப்பா, தூக்கி வைத்த பின் சோப்புப் போட்டுக் கைகழுவுதல்.

வாரத்தில் ஒரே நாள், தீனிக்கு முன்பு எடை பாருங்கள். ஒரு நோட்டில் குறியுங்கள். 58, 59, 57, 58 என்று வந்தால் பதறாதீர்கள். ஒருமுறை மலம் கழித்தாலே 1 கிராம் இறங்கும். நான்கு வாரக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே முக்கியம். 60 கிராம் பல்லி ஒரு மாதத்தில் 54 கிராமுக்கு வந்தால், 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். நண்பனுடைய பல்லி 90 கிராம் என்பதற்காக உங்களுடையதை அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. வளர்ந்த பல்லிகள் பல 45 முதல் 80 கிராமுக்குள் அடங்கும். பெரிதாக வளரவென்றே இனப்பெருக்கம் செய்த வகைகளும் உண்டு. எண்ணையும் உடலின் வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பல்லியின் எடை மீதான வெறிக்கு நம் நாட்டில் ஒரு வேண்டாத வரலாறும் இருக்கிறது. 2010, 2011ஆம் ஆண்டுகளில், தொக்கே எனப்படும் பெரிய காட்டுப் பல்லி எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் என்ற புரளி தென்கிழக்காசியா முழுவதும் பரவியது. 300 கிராமுக்கு மேல் எடையுள்ள ஒன்றைக் கொண்டுவந்தால் ஆயிரக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று தீபகற்ப மலேசியாவிலும் பலர் நம்பி வேட்டையில் இறங்கினார்கள். அதற்கு ஆதாரமே இல்லை என்று பிலிப்பீன்ஸ் சுகாதாரத் துறை 2011இல் எச்சரித்தது. 2019இல்தான் தொக்கே அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்று கிராமைப் பணமாகப் பார்த்தார்கள். இன்று சிலர் பெருமையாகப் பார்க்கிறார்கள். கிராமை உடல்நலத்தின் குறியாகப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவுதான்.

எடை இறங்கும்போது நாம் செய்வது இன்னும் மோசம். இளைத்தால் கூடத் தின்னக் கொடு என்று வீட்டில் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை. சிறுத்தைப் பல்லிக்குச் செரிக்க வயிற்றுக்கு அடியில் 32 டிகிரி அளவுக்குச் சூடான இடம் ஒன்று வேண்டும். நீங்கள் படுக்கையறையில் ஏர்கோனை 20க்கு வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, அதன் வயிற்றில் சிள்வண்டு செரிக்காமல் கிடக்கிறது. வெப்பமும் சரி, தோல் உரிக்கும் நேரமும் இல்லை, ஆனாலும் வால் சுருங்குகிறது என்றால் குடலைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். எவ்வளவு தின்றாலும் அந்தப் பல்லி இளைக்கும். விலங்கு மருத்துவரிடம் போங்கள், எடை நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பருமனான பல்லியையும் திடீரெனப் பட்டினி போடாதீர்கள். சேர்ந்த கொழுப்பு ஒரேயடியாகக் கரைந்து கல்லீரலில் குவிந்தால் அதுவே உயிரைப் பறிக்கும். புழுவை நிறுத்திச் சிள்வண்டுக்கு மாற்றி, கிண்ணத்தில் வைக்காமல் ஓடவிட்டுப் பிடிக்க வையுங்கள். தின்னாமல் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஓரிரு கிராம் இறங்கினால் போதும்.

கடைக்காரர்களிடமும் எனக்கொரு கோரிக்கை உண்டு. பல்லியை விற்கும்போது அதன் வயதையும் அன்றைய எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாமே. எழுதித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள், கடையிலேயே நிறுக்கச் சொல்லுங்கள். உரிமம் தேவையா என்பதை வாங்குமுன் பெர்ஹிலித்தானிடம் விசாரியுங்கள். இன்னொன்றையும் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பல்லி 15, 20 ஆண்டுகள் வாழக்கூடியது. இன்று இரண்டாம் படிவத்தில் இருக்கும் நீங்கள் எஸ்.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகம் போன பிறகு, வாரத்துக்கு இரண்டு வேளை மட்டும் தீனி போட்டு, எடையை நோட்டில் எழுதப்போவது தம்பியா, பாட்டியா?