சார்ஜ் ஏறுவது வண்டியிலா, நம் தலையிலா?

'பெட்ரோலுக்கு முழுக்குப் போடுங்கள், மின்சார வண்டிக்கு மாறுங்கள்' என்று திரும்பிய பக்கமெல்லாம் விளம்பரம். மாறத்தான் செய்தார்கள் நம் ஆட்கள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் அலைந்து வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர், பல வருடம் சோறு போட்ட எக்ஸ்.எல். வண்டியை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் எடுத்தார். ஆறாவது மாதம் அது நடுரோட்டில் நின்றது. ஊர் மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாய், இதை நான் தொட்டா வாரண்டி போயிரும்" என்று அப்படியே மூடிவிட்டார். லோடு ஆட்டோவில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனால், 'பார்ட்ஸ் வரணும்' என்ற ஒற்றைப் பதில். இருபத்து மூன்று நாள்! அத்தனை நாளும் அவர் வியாபாரத்துக்குப் போனது தம்பியின் பழைய பெட்ரோல் வண்டியில்தான்.

இதைச் சொன்னால் உடனே 'விஞ்ஞானத்துக்கு எதிரிகள்' என்று முத்திரை குத்தக் கிளம்பிவிடுவார்கள். இல்லை ஐயா! கணக்குப் போட்டே பேசுவோம்.

நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடினால் 1,560 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் ஏறத்தாழ 35 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 3,500 ரூபாய். மின்சார வண்டி யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் 62 யூனிட். ஆறு ரூபாய் வீதம் நானூறுகூட ஆகாது. ஆக, மாதம் மூவாயிரம் மிச்சம். இதை யார் மறுக்கிறார்கள்?

ஆனால் விற்பவன் சொல்லாத கணக்கும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் ரீடிங் எடுக்கிறார்கள் அல்லவா? ஸ்கூட்டர் மட்டும் 125 யூனிட் குடிக்கும். 400 யூனிட்டில் நின்ற வீடு 500-ஐத் தாண்டும். தாண்டினால் அதிகப்படி யூனிட்டுக்கு மட்டுமா விலை கூடுகிறது? கீழ்ப்படியில் இருந்த மலிவு விலையும் பறிபோகிறது. வாடகை வீட்டுக்காரர் நிலை இன்னும் மோசம். தனி மீட்டர் வைத்து வீட்டுக்காரர் கேட்டதுதான் ரேட். வாசலில் சார்ஜ் போடவே கூடாது என்பவரும் உண்டு.

வாரண்டி விஷயத்துக்கு வருவோம். '3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது' என்று சில வண்டிகளுக்குப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன வியாபாரிக்கு அந்த மூன்று ஆண்டு என்பது இருபதே மாதம்! அதன் பிறகு பேட்டரி போனால்? வட்டிக்கு வாங்குவதில்லை என்று வைராக்கியமாக, சிங்கப்பூரிலும் சவூதியிலும் சேர்த்த காசைக் கொட்டி ரொக்கத்துக்கு வாங்கியவர் அந்தப் பெருந்தொகைக்கு எங்கே போவார்? பேட்டரி விலை என்ன என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். விற்பனையாளர் டீ வாங்கிக் கொடுப்பார். எழுதிக் கொடுக்க மாட்டார்.

மத்திய அரசின் யோக்கியதை எப்படி? 2021 ஜூனில் பேட்டரியின் கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய் மானியம். 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 ஏப்ரலில் 5,000. 2025-26இல் 2,500. கட்டெறும்பு ஆன கழுதையைப் பார்த்திருக்கிறீர்களா? இதுதான் அது. இந்த லட்சணத்தில், சார்ஜருக்குத் தனியாகப் பணம் வாங்கி, வண்டி விலையைக் குறைத்துக் காட்டி மானியம் பெற்ற முன்னணி நிறுவனங்கள், 2023-இல் மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

ஓலா எலக்ட்ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்த வண்டி தயாராவது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில்; வேறு சில வண்டிகள் ஓசூரில். வண்டி பிறக்கும் மாநிலம் நம்முடையது, வைத்தியம் பார்க்க ஆளில்லாத ஊரும் நம்முடையதா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கேனில் பெட்ரோல் பிடித்து வந்து வண்டியை ஓட்டினோம். கேனில் மின்சாரம் பிடிக்க முடியுமா? வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் ஒன்று பெட்ரோலாக இருக்கட்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இளைஞர்களே, திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசியது போதும். பட்டறையில் இருப்பவர்கள் பேட்டரி, மோட்டார், கண்ட்ரோலர் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஊரில் அதற்குத்தான் ஆள் தேடுவார்கள். வியாபாரிகளே, பில்லையும் சர்வீஸ் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். வண்டி நின்ற அன்றே 1915-க்குப் போன் போடுங்கள். 'வியாபாரத்துக்கு வாங்கியதற்கு வழக்கு செல்லாது' என்று மிரட்டுவார்கள், நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய வண்டிக்குச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

இருபத்து மூன்று நாள் அலைந்த நம் சகோதரர் இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.