இலையுதிராத ஊரில் ஆப்பிள் டோனட்

செப்டம்பர் பிறந்ததும் நம் கைப்பேசித் திரைகளில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிடுகின்றன. கம்பளிச் சட்டை, மரமேசை, மெழுகுவத்தி, நடுவில் ஒரு தட்டு நிறைய ஆப்பிள் டோனட். பட்டைத்தூளும் சர்க்கரையும் ஒட்டிய அந்த டோனட்டைப் பார்த்துவிட்டு, நம் இளையர்கள் பலரும் அதையே வீட்டில் சுடக் கிளம்புகிறார்கள். வெளியே வெப்பநிலை 31 டிகிரி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது.

“நம் ஊருக்கு ஏது இலையுதிர்காலம்? எவரையோ பார்த்து எதற்கு இந்த வேலை?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடையில் வாங்கித் தின்பதைவிட, மாவைக் கையால் அளந்து, கலந்து, சுட்டு வீட்டாருக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். பிற நாட்டு உணவைச் சமைத்துப் பார்ப்பதிலும் தவறில்லை. என் கவலை வேறு. காணொளியில் சொன்ன அளவை அப்படியே போட்டு, படம் எடுத்துப் பதிவேற்றிவிட்டு, “ஏன்” என்ற கேள்வியை ஒருமுறைகூடக் கேட்காமல் நகர்ந்துவிடுகிறோமே, அதுதான். ஏன் ஆப்பிள்? ஏன் அந்த மாதம்? ஏன் பட்டையும் சாதிக்காயும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு டோனட்டுக்குள் புவியியல், வரலாறு, வாணிகம், வேதியியல் எல்லாம் இருப்பது தெரியவரும்.

மிகுதியில் பிறந்த பண்டம்

ஆப்பிள் மரத்துக்குக் குளிர் தேவை. இலை உதிர்த்து உறங்கும் அந்த மரம், பல நூறு மணி நேரக் குளிரை அனுபவித்த பிறகே வசந்தத்தில் ஒழுங்காக மொட்டு விடும். அமெரிக்காவில் நியூயார்க், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் அந்தக் குளிர் இருக்கிறது. அங்கே பழம் பறிக்கும் காலம் பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை. ஒரே நேரத்தில் குவியும் பழங்களில் அழகானவை சந்தைக்குப் போகும். அடிபட்டவை, கோணலானவை, சிறுத்தவை எல்லாம் ஆலைக்குப் போய்ப் பிழியப்படும். வடிகட்டாத அந்தப் பழுப்புநிறச் சாற்றைத்தான் அமெரிக்கர்கள் சைடர் என்கிறார்கள். பிரிட்டனில் இதே சொல் மதுவைக் குறிக்கும். அமெரிக்காவிலோ பொதுவாகப் புளிக்காத சாறுதான். குறிப்பைப் படிக்கும் நம் முஸ்லிம் நண்பர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

அந்தச் சாற்றை மாவில் ஊற்றிப் பிசைந்து பொரித்ததே சைடர் டோனட். 17ஆம் நூற்றாண்டில் நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்கள் மாவை எண்ணெயில் பொரிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தோட்டங்களில் சாறு இருந்தது. இரண்டும் சேர்ந்தன. ஆக, இந்தப் பண்டத்தின் அடியில் இருப்பது ஆடம்பரமல்ல, சிக்கனம். எது மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்ததோ அதை வீணாக்காமல் பயன்படுத்தும் குடியானவர் அறிவு அது.

நம் நிலைமை நேர்மாறானது. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. பேரங்காடியில் இருக்கும் ஆப்பிள் சீனாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வந்திருக்கும். நியூசிலாந்தில் இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. அந்நாட்டு ஆப்பிளை நாம் செப்டம்பரில் வாங்கினால், அது மாதக்கணக்கில் குளிர்ப்பதனக் கிடங்கில் இருந்துவிட்டு வந்த பழம். “இலையுதிர்காலம் வந்துவிட்டது” என்று காணொளி சொல்லும்போது, உலகத்தின் பாதிக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மரபா, விளம்பரமா?

சைடர் டோனட் நூற்றாண்டுகளாக மாறாமல் வரும் மரபு என்று பலர் நினைக்கிறார்கள். கதை அவ்வளவு நேரானதன்று. ரஷ்யாவிலிருந்து குடியேறிய அடால்ஃப் லெவிட் என்பவர் 1920ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் டோனட் செய்யும் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய டோனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா நிறுவனம் இயந்திரத்தோடு மாவுக் கலவையையும் விற்றது. 1951ஆம் ஆண்டு இலையுதிர்கால விற்பனைக்காக அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய வகைகளில் ஒன்றுதான் சைடர் டோனட். பழத்தோட்டங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. பழம் பறிக்க வரும் குடும்பங்களுக்குச் சுடச்சுட விற்றால் நல்ல வருமானம் அல்லவா? பூசணிக்காய் மசாலா மணக்கும் காப்பியின் கதையும் இப்படித்தான். ஸ்டார்பக்ஸ் அதை அறிமுகப்படுத்தியது 2003இல்.

இதனால் அந்த டோனட் பொய்யாகிவிடுமா? ஆகாது. அறுவடையும் உண்மை, விற்பனையும் உண்மை. ஆனால், “எல்லாரும் செய்கிறார்கள், காலங்காலமாகச் செய்கிறார்கள்” என்று ஒன்று நம் முன் வந்து நிற்கும்போது, அதை யார் பரப்பினார், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். வகுப்பறையில் வரலாற்று ஆதாரங்களை ஆராயச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பயிற்சியைத் தேர்வு மண்டபத்தோடு விட்டுவிடாமல் திரையில் ஓடும் காணொளிக்கும் பயன்படுத்தினால்தான் அது கல்வி.

வாசனை நம் பக்கத்தில் இருந்து போனது

அமெரிக்க இலையுதிர்காலத்தின் மணம் என்று சொல்லப்படுவது அமெரிக்காவில் விளைவதே இல்லை. பட்டை இலங்கையிலிருந்தும், அதன் உறவான தடித்த பட்டை இந்தோனீசியா, வியட்னாம், சீனா ஆகிய நாடுகளிலிருந்தும் போகிறது. கிராம்பும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளின் பிள்ளைகள்.

சாதிக்காயின் வரலாறு இனிப்பானதன்று. ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கான சாதிக்காய் முழுவதும் பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்திலிருந்தே கிடைத்தது. அதைத் தன் பிடிக்குள் கொண்டுவர, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1621இல் அத்தீவு மக்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் துரத்தியும் அழித்தது. அக்கூட்டத்தில் ரன் என்ற குட்டித் தீவுக்கு ஆங்கிலேயர் உரிமை கோரி வந்தனர். 1667இல் பிரெடா உடன்படிக்கையின்படி ரன் தீவு டச்சுக்காரர் கையிலும், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயர் கையிலும் நிலைத்தன. அந்த நியூ ஆம்ஸ்டர்டாம்தான் இன்றைய நியூயார்க். சைடர் டோனட்டைப் பரப்பிய ஊரும் அதில் தூவும் சாதிக்காயின் ஊரும் ஒரே ஒப்பந்தத் தாளில் இடம்பெற்றவை.

பின்னர் ஆங்கிலேயர் பண்டாவிலிருந்து நாற்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரிலும் நட்டார்கள். இன்று கடைத்தொகுதிகள் நிறைந்திருக்கும் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதி, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சாதிக்காய்த் தோட்டங்களும் பழத்தோட்டங்களுமாக இருந்தது. சாலைக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். 1850களில் பரவிய நோயில் இங்கிருந்த சாதிக்காய் மரங்கள் அழிந்தன. பினாங்கில் சாதிக்காய்ச் சாறும் ஊறுகாயும் இன்றும் விற்கிறார்கள். டோனட்டில் கால் தேக்கரண்டி சாதிக்காய்த் தூளைப் போடும்போது, நாம் அந்நிய மணம் ஒன்றை இறக்குமதி செய்யவில்லை. நம் பக்கத்திலிருந்து போன ஒன்று சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது.

அடுப்படியில் ஓர் ஆய்வுக்கூடம்

இனி சுடலாம். புளிக்காத ஆப்பிள் சாறு 360 மில்லிலிட்டரை மிதமான தீயில் 120 மில்லிலிட்டராகச் சுண்டக் காய்ச்சி ஆறவிடுங்கள். நீர் ஆவியாகும், சர்க்கரையும் புளிப்பும் அடர்த்தியாகும். சாற்றை அப்படியே ஊற்றினால் மாவு நீர்த்துப்போகும், சுவையும் தெரியாது. மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சாதிக்காய்த் தூள் கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் பழுப்புச் சர்க்கரை 100 கிராம், முட்டை ஒன்று, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், பால் 120 மில்லிலிட்டர், சுண்டிய சாறு ஆகியவற்றை அடித்து மாவோடு சேருங்கள். டோனட் அச்சில் ஊற்றி, 180 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். ஏறத்தாழ ஒரு டசன் கிடைக்கும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் உண்டு. சாற்றின் அமிலம் சோடாவோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது. மாவு உப்புவது அதனால். அதனால்தான் கலந்த மாவை நெடுநேரம் காக்கவைக்கக் கூடாது. அதிகமாகக் கலக்கினால் மைதாவின் புரதம் இழைஇழையாகப் பின்னிக்கொண்டு டோனட் ரப்பராகிவிடும். மாவு மறைந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள். நடுவில் ஓட்டை எதற்கு? மாவின் மையத்துக்கும் வெப்பம் விரைவாகப் போய்ச்சேர. நம் உளுந்து வடையின் ஓட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அச்சு இல்லையென்றால் மஃபின் தட்டில் ஊற்றி இன்னும் சில நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஒருநாள் ஆசைக்காகப் புது அச்சு வாங்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுட்டதாலேயே இது உடலுக்கு நல்ல பண்டமாகிவிடாது. கொழுப்பு குறையும், உண்மை. மாவிலுள்ள சர்க்கரையும் மேலே வெண்ணெய் தடவிப் புரட்டும் சர்க்கரையும் அப்படியேதான் இருக்கும். ஒன்று தின்பது விருந்து, நான்கு தின்பது விவரக்கேடு.

நம் பருவம் எது?

“ஒரு டோனட் சுட இவ்வளவு யோசிக்க வேண்டுமா? சுட்டோமா, தின்றோமா என்று போகக் கூடாதா?” என்று கேட்கலாம். பசிக்குத் தின்பவருக்கு யோசனை தேவையில்லைதான். ஆனால், மாணவராக இருப்பவருக்குக் காரணம் தெரிவதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அளவை மட்டும் அறிந்தவர் அந்த ஒரு பண்டத்தைத்தான் செய்வார். காரணம் அறிந்தவர் அதிலிருந்து வேறொன்றை உருவாக்குவார். கணக்கில் சூத்திரத்தை மனனம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சைடர் டோனட்டின் காரணம் என்ன? அந்தந்தக் காலத்தில், அந்தந்த மண்ணில் மிகுதியாய்க் கிடைப்பதைப் பயன்படுத்து என்பது. அந்தக் காரணத்தை இங்கே கொண்டுவந்தால் ஆப்பிளே தேவைப்படாது. நம் வட்டாரத்தில் டுரியான் குவியும் காலத்தில், மிஞ்சிய சுளையைச் சர்க்கரையோடு கிண்டி லெம்போக் ஆக்குகிறார்கள். புளிக்கவைத்துத் தெம்போயாக் ஆக்குகிறார்கள். அது இந்த மண்ணின் சைடர் ஆலை. சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்து வளையமாக்கிப் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டும் குவே கெரியா இந்த மண்ணின் டோனட். நான்கு பருவம் இல்லை என்பதற்காக நமக்குப் பருவமே இல்லை என்றாகிவிடாது. பழமரம் காய்க்கும் காலமும் பருவமழைக் காலமும் நமக்கு உண்டு. திரையில் பார்ப்பதையே பருவம் என்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு அவை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, இந்த விடுமுறையில் ஆப்பிள் டோனட்டைத் தாராளமாகச் சுடுங்கள். ஆண்பிள்ளைகளும் சுடுங்கள், அடுப்படி ஒருவருக்கு மட்டும் எழுதிவைத்த இடமல்ல. அடுத்த முறை அதே மாவில் ஆப்பிள் சாற்றுக்குப் பதிலாகச் சுண்டிய அன்னாசிச் சாற்றைச் சேர்த்துப் பாருங்கள். பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாகக் குலா மெலாக்காவைப் போட்டுப் பாருங்கள். எது உப்பியது, எது அமுங்கியது, ஏன் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அவர் சிறுவயதில் எந்தப் பழம் எந்த மாதத்தில் குவிந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் காணொளியிலும் கிடைக்காத குறிப்பு அது.