கூலியின்றி எவர் செய்வார்?

கூலி கிடைத்தாலன்றி எவரும் செவ்வையாக உழையார் என்பது இற்றை உலகின் அசைக்கவியலாத கொள்கையாகிவிட்டது. ஊதியமில்லாத உழைப்பைப் பொழுதுபோக்கென்று ஒதுக்குவதும், பொழுதுபோக்காகச் செய்வது அரைகுறையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவதும் கற்றவரிடத்தும் காணப்படும் வழக்கங்கள். இக் கொள்கையை ஒரு சிறு கருவியின் வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. அக் கருவி, பேசிக் என்னும் கணிப்பொறி மொழியில் நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் நிரல்திருத்தி. எழுத்தாளனுக்கு ஏடும் எழுதுகோலும் எப்படியோ, நிரலாளனுக்கு நிரல்திருத்தி அப்படி. அதில்தான் அவன் எழுதுகிறான். அதில்தான் அடிக்கிறான், திருத்துகிறான், இயக்கிப் பார்க்கிறான்.

பேசிக் பிறந்தது அமெரிக்காவில், நியூ ஆம்ப்சையர் மாநிலத்து ஆனோவர் நகரிலுள்ள தார்த்துமத் கல்லூரியில். அங்குக் கணக்கியற் பேராசிரியர்களாக இருந்த சான் கெமெனியும் தாமசு கர்ட்சும் அதனை வகுத்தனர். 1964-ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்காலையில் அதன் முதல் நிரல் ஓடியது. அந் நாளில் கணிப்பொறி என்பது அறிவியலாளரும் பொறியியலாளரும் மட்டுமே நுழையத்தக்க கருவறையாக இருந்தது. வரலாறும் இலக்கியமும் படிக்கும் மாணவனும் அதன் உள்ளே வரவேண்டும் என்று அவ் விருவரும் விரும்பினர். மொழியை அதற்கேற்ப எளிமைப்படுத்தினர். ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்துதற்குரிய நிரல்களில் பெரும்பகுதியை எழுதியவர்களோ, பட்டமும் பெற்றிராத மாணவர்கள்!

அற்றைநாளில் திரை இல்லை. தொலையச்சுப் பொறியில் விசையைத் தட்டினால் தாளில் எழுத்து விழும். விழுந்த எழுத்தை அழிப்பது எப்படி? அதற்காகவே ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்தனர். இருபதாம் வரியில் பிழையிருந்தால், 20 என்று மீண்டும் இட்டுப் புதுவரியை எழுதினால் போதும். பழைய வரி நீங்கிவிடும். எண்ணை மட்டும் இட்டால் அவ் வரியே மறைந்துவிடும். இடையில் வரி செருகுதற்கு இடம் வேண்டுமென்றே 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண்ணினர். எனவே, பேசிக்கின் முதல் நிரல்திருத்தி அந்த வரியெண்தான். பின்வந்தோர் பலர் எள்ளி நகையாடிய அவ் வழக்கத்திற்குக் கரணியம் இதுவேயாம்.

பன்னீராண்டு கழிந்தது. கணிப்பொறி வீட்டு மேசைக்கு வந்தது. ஆல்டேர் என்னும் சிறு பொறிக்கெனப் பேசிக் மொழியை எழுதி விற்ற இளைஞர் பில் கேட்சு, 1976-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பொழுதுபோக்கு நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல் விடுத்தார். தாம் எழுதியதைப் பலர் விலைகொடாமல் படியெடுத்துக் கொள்கின்றனர் என்றும், அவர்களிடமிருந்து வந்த வருவாயைக் கணக்கிட்டால் தம் உழைப்பு மணிக்கு 2 தாலரும் பெறவில்லை என்றும் குறைபட்டுக் கொண்டார். அம் முறையீட்டில் அறம் உண்டு. பிறன் உழைப்பைக் கேளாது கவர்வது களவே. ஆனால், அம் மடலில் அவர் ஒரு கேள்வியும் கேட்டார். ஆண்டுக்கணக்கில் உழைத்து, பிழையெல்லாம் களைந்து, விளக்கநூலும் எழுதி, அதனை விலையின்றி வழங்கப் பொழுதுபோக்கினருள் எவரால் இயலும் என்பது அக் கேள்வியின் பொருள். அஃது ஐம்பது ஆண்டுகளாக உலகை ஆண்டு வரும் கேள்வி. அதற்கு விடை சொல்லியவர்கள் யார் என்பதே இக் கட்டுரை.

முதல் விடை அக் காலத்திலேயே எழுந்தது. கலிபோர்னியாவின் மக்கள் கணிப்பொறிக் குழுமம் தன் இதழில் ‘சிறு பேசிக்’ என ஒன்றன் வரையறையை வெளியிட்டது. படித்தவர்கள் தத்தம் பொறிக்கேற்ப அதனை எழுதியனுப்பினர். மூலநிரலை எல்லாரும் பார்க்க அச்சிட்டனர். ஆயினும் நான் பெரிதெனக் கருதுவது இரண்டாம் விடையை.

1991-இல் மைக்குரோசாப்டு நிறுவனம் தன் டாசு இயக்க அமைப்பின் ஐந்தாம் பதிப்போடு கியூபேசிக் என்பதனைச் சேர்த்தளித்தது. நீலத்திரையில் வெள்ளெழுத்தாக விரியும் அத் திருத்தியை இன்று நாற்பது, ஐம்பது அகவையினர் பலர் நினைவில் வைத்திருப்பர். வரியெண் அங்குக் கட்டாயமன்று. ஒரு வரியை எழுதி விசையைத் தட்டியதும், திருத்தி அவ் வரியை அங்கேயே ஆய்ந்துவிடும். மொழிக்குரிய சொற்களைப் பேரெழுத்தாக்கும். குறிகளுக்கிடையே இடைவெளி சீராக்கும். தொடர் பிழைபட்டிருந்தால் உடனே உரைக்கும். நிரலைச் சிறுசிறு துணைநிரல்களாகப் பகுத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாளரத்திற் காட்டும்.

முப்பது ஆண்டுகளாக மாணவர் கட்டுரைகளைத் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: திங்கள் கழித்துச் செம்மையில் அடித்துக் கொடுக்கும் திருத்தத்தினும், பிழை செய்த அந் நொடியிலேயே தோளைத் தொட்டுக் காட்டும் திருத்தம் நூறு மடங்கு பயன் தருவது. முதல் திருத்தத்தால் மாணவன் மதிப்பெண்ணை அறிவான். இரண்டாம் திருத்தத்தால் மொழியை அறிவான். 1975-இல் ஒல்லாந்து அறிஞர் எட்சுகர் தைக்சுட்ரா, பேசிக்கை முன்னரே பயின்ற மாணவர்க்கு நல்ல நிரலெழுதும் முறையைக் கற்பித்தல் ஏறத்தாழ இயலாததொன்று என்னும் கருத்துப்பட எழுதினார். வரியெண்ணையும், நினைத்த இடத்திற்குத் தாவும் கட்டளையையும் கொண்டு எழுதிய பழைய பேசிக்கைப் பார்த்தால் அவர் சினம் புரியும். ஆனால் மொழி வளர்ந்தது. திருத்தியும் அதனோடு வளர்ந்து, துணைநிரல்களாகப் பகுத்தெழுதும் பழக்கத்தை எழுதுவோன் கையில் ஊட்டியது. கருவி நல்லதானால் கையும் நல்லதாகும்.

இத்தகைய கருவியை அந் நிறுவனம் என்ன செய்தது? சில ஆண்டுகள் உடன் அளித்தது, பிறகு கைவிட்டது. விற்பனைக்கு உதவாததை வணிகன் சுமப்பானா? பின்னர் 64 பிட்டு விண்டோசு வந்தபோது, பழைய 16 பிட்டு நிரல்கள் அதில் நேரே ஓடும் வழியும் அடைபட்டது. உலகெங்கும் எத்தனையோ பேர் தம் இளமையில் எழுதிய விளையாட்டுகளும், கணக்கேடுகளும், பள்ளிப் பாடங்களும் ஒரே நாளில் ஊமையாயின. மூலநிரல் அந் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்ததால், அதனைப் பழுதுபார்க்க எவராலும் இயலவில்லை. திருத்தியைப் பயன்படுத்திய கோடிக்கை அதன்மீது ஓர் ஆணியும் அடிக்க உரிமையற்ற கை! பிறர் கொடுத்த கருவியின் இயல்பு இது. கொடுத்தவன் கையை எடுத்தால் கருவி விழுந்துவிடும்.

இங்கேதான் பொழுதுபோக்கினர் எழுந்தனர். 2007-ஆம் ஆண்டளவில் தனியொருவர் தொடங்கிய கியூபி64 என்னும் பணியைப் பலர் தோள்கொடுத்துத் தூக்கினர். பழைய கியூபேசிக் நிரலை இற்றைப் பொறிகளில் ஓட்டவேண்டும் என்பதே நோக்கம். அது பேசிக் நிரலைச் சி பிளசு பிளசு மொழிக்குப் பெயர்த்து, அதிலிருந்து பொறிக்குரிய நிரலை ஆக்குகிறது. விண்டோசு, இலினக்சு, மாக்கு ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. அதனோடு பழைய நீலத்திரைத் திருத்தியையும் புதிதாகக் கட்டினர். வியப்பு என்னவெனில், அத் திருத்தி வேறெந்த மொழியிலும் எழுதப்படவில்லை, பேசிக்கிலேயே எழுதப்பட்டது.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குக. பேசிக்கில் எழுதத் தெரிந்த எவனும், தான் எழுதிக்கொண்டிருக்கும் அந்தத் திருத்தியையே திறந்து, அதன் உள்ளுறுப்பைப் படித்து, குறை கண்ட இடத்தில் திருத்த முடியும். பயன்படுத்துவோன் வேறு, படைப்போன் வேறு என்ற சுவர் அங்கு இல்லை. மொழி தன் எழுதுகோலைத் தானே செய்துகொள்கிறது. பிறமொழியின் துணையில்லாமல் தன் கருவியைத் தானே சீராக்கும் மொழிக்குத்தான் நீள்வாழ்வு உண்டென்பதை இவ் விதழின் அன்பர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கடந்த கோடை விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் இத் திருத்தியைத் தம் மடிக்கணினியில் திறந்து காட்டினார். “இதைப் பாருங்கள் ஐயா” என்று ஒரு வரியில் வேண்டுமென்றே பிழை செய்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் நிரல் முழுவதும் ஆய்வு செய்யப்படுகிறது. பிழையும் அது நேர்ந்த வரியும் திரையின் அடியில் தோன்றின. அவர் திருத்தியதும் அறிவிப்பு மறைந்தது. கட்டளைச் சொல் ஒரு நிறம், எண் ஒரு நிறம், மேற்கோளுக்குள் உள்ளது வேறொரு நிறம். அடைப்புக்குறி ஒன்றன்மேல் நின்றால் அதன் இணை ஒளிர்கிறது. கண் வலிப்போர்க்கு நிறங்களை மாற்றிக்கொள்ளும் ஏந்தும் உண்டு. நிரலை நடுவழியில் நிறுத்தி, அப்போது எந்தப் பெயர்க்கு என்ன மதிப்பு என்று பார்க்கவும் வழி செய்துள்ளனர். இவற்றுள் எதுவும் பெரும் புலமையென்று பறைசாற்றத்தக்கதன்று. ஒவ்வொன்றும் எவனோ ஒருவன் எழுதும்போது பட்ட இடர். அவ் விடர் அடுத்தவனுக்கு நேரக்கூடாதென்று அவன் செலவிட்ட சில இரவுகள். அவ்வளவே! ஆனால் அந்த ‘அவ்வளவே’ ஆண்டுக்கணக்கில் சேரும்போது, கூலி கொடுத்துக் கட்டிய நிறுவனம் கைவிட்டதைக் கூலியில்லாதோர் கட்டி முடித்துவிடுகின்றனர்.

இவர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2022-இல் அப் பணியை நடத்திய குழுவுக்குள் பிளவு நேர்ந்தது. இணையத்தளமும் உரையாடற்களமும் மூடப்பட்டன. ஊதியமில்லாத கூட்டங்களை உட்பகையே கொல்லும் என்பது நாம் நம் அமைப்புகளிற் பலமுறை கண்டு கசந்த உண்மைதான். ஆனால் அங்கு நடந்ததைக் காண்க. மூலநிரல் பொதுவில் இருந்தது. எஞ்சியவர்கள் அதனை எடுத்து, ‘பீனிக்சுப் பதிப்பு’ எனப் பெயரிட்டுப் பணியைத் தொடர்ந்தனர். தலைவர் போனார், தொண்டு போகவில்லை. அந்த நிறுவனத்தின் கியூபேசிக், உடையவன் கைவிட்ட அன்றே நின்றது. இவர்களின் கியூபி64, தொடங்கிய குழு சிதைந்த பின்னும் நிற்கிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை, பொருளில் இல்லை; மூலநிரல் யார் கையில் என்பதில் இருக்கிறது.

“செத்துக்கொண்டிருக்கும் பழைய மொழிக்கு இத்துணை உழைப்பு ஏன்? புதியனவற்றைக் கற்கலாமே” என்று கேட்போர் உளர். புதியன கற்பதை எவர் தடுத்தார்? ஆனால் ஒரு மொழி பழையது என்பது அதனைப் புதைப்பதற்குக் கரணியம் ஆகாது. தொடக்கநிலை மாணவனுக்கு இரண்டே வரியில் தன் எண்ணத்தைத் திரையில் நிகழ்த்திக் காட்டும் எளிமை அதில் இன்றும் இருக்கிறது. பயன்படுத்துவோர் உள்ளவரையில் மொழி சாவதில்லை. அதன் கருவியைப் பேணுவோர் உள்ளவரையில் பயன்படுத்துவோரும் குறைவதில்லை. இம் முறைகேள்வியைக் கேட்பவர்கள்தாம் நம்மிடமும் வந்து, பழந்தமிழ்ச் சொல்லை ஏன் மீட்கிறீர்கள் என்று கேட்கிறவர்கள்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பழைய நீலத்திரை 256 எழுத்திடங்களை வைத்து அமைந்தது. அவற்றுள் தமிழெழுத்து ஒன்றற்கும் இடமில்லை. அதன் வழிவந்த கியூபி64-இலும் ஒரு மதிப்பிற்குத் தமிழ்ப்பெயர் சூட்டி நிரலெழுத இயலாது. இதற்காக அவர்கள்மேற் சினங்கொள்வதில் பொருளில்லை. அவர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டார்கள். நமக்கு வேண்டியதை யார் செய்வார்? தமிழ்ப் பொறியாளர் ஒருவர் ‘எழில்’ என்னும் நிரல்மொழியை ஆக்கினார். ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ எனத் தமிழ்ச்சொற்களாலேயே அதில் நிரல் எழுதலாம். மூலநிரலையும் அவர் பொதுவில் வைத்தார். அதனை எடுத்துப் படித்தவர் நம்முள் எத்துணைப் பேர்? அதில் எழுதிப் பார்த்து, ஒரு குறை கண்டு, அதனைக் களைந்து அனுப்பியவர் எத்துணைப் பேர்? கலைச்சொல்லுக்கு அரசு குழு அமைக்கவில்லை என்று மேடையில் முழங்கும் நாம், கைக்கெட்டிய மூலநிரலைத் தொட்டும் பார்க்காமலிருப்பது எந்த வகைப் பற்று?

பள்ளியில் கணிப்பொறி கற்பிக்கும் தமிழ் உள்ளங்கொண்ட ஆசிரியர்களே, உங்கள் மாணவர்க்குக் கருவியைப் பயன்படுத்த மட்டும் கற்பிக்காதீர்கள். அதனைத் திறந்து பார்க்கவும், குறை கண்டால் திருத்தவும் கற்பியுங்கள். விடுமுறை நாளொன்றில் ஒரு மாணவன் ஒரு பிழையைக் களைந்தால் அது போதும். அடுத்த நாள் மற்றொருவன் மற்றொன்றைக் களைவான்.

கூலியின்றி எவர் செய்வார் என்று 1976-இல் கேட்டார்கள். பயன்படுத்துகிறவர் செய்வார் என்று பேசிக் நிரலாளர்கள் தம் திருத்தியைத் திருத்தித் திருத்தி விடை எழுதியிருக்கிறார்கள். அதே கேள்வி இப்போது நம்மை நோக்கி நிற்கிறது. விடையை நம் கையால் எழுதுவோம்.