டவர் சொல்லும் சாக்ஷியம்

கொலை, கொள்ளை முதலிய வழக்குகளில் செல்போன் இருந்த இடத்தைக் கொண்டு ஆளைத் தேடுவது இப்பொழுது போலீஸாரின் முதல் வேலையாகிவிட்டது. காணாமற்போன குழந்தைகளை மீட்கவும், ஓடி ஒளியும் குற்றவாளிகளைப் பிடிக்கவும் இம்முறை பெரிதும் உதவுகிறது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் துப்பு வேறு, ருஜு வேறு. இரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதையும், இவ்வதிகாரம் நியாயஸ்தலத்தின் அனுமதியின்றிச் செலுத்தப்படுவதையுமே நாம் ஆட்சேபிக்கிறோம்.

கம்பெனியின் பதிவேடு சொல்வதென்ன? பேச்சு எந்த டவரின், எந்தப் பக்கத்து ஆண்டெனா வழியாகச் சென்றது என்பதே. சென்னையில் டவர்கள் நெருங்கி நிற்பதால் இடம் ஒருவாறு குறுகும். உத்திரமேரூரை அடுத்த பெருநகர் போன்ற கிராமங்களிலோ ஒரே டவர் வயலையும் ஏரியையும் கடந்து பல கிலோமீட்டர் தூரம் எட்டும். களத்துமேட்டில் நெல்லுக்குக் காவலிருந்தவரும், வந்தவாசி பஸ்ஸில் போனவரும், குற்றம் புரிந்தவனும் அதன் கீழேயே இருந்திருக்கலாம். மேலும், போன் இருந்த இடம் தெரியுமேயன்றி, அது யார் கையில் இருந்தது என்பது தெரியாது.

டென்மார்க்கில் நேர்ந்ததைக் கவனியுங்கள். இவ்விவரங்களில் பிழைகள் இருந்தமை வெளிப்படவே, 2019-ஆம் வருஷம் வழக்குகளில் அவற்றை உபயோகிப்பதை இரண்டு மாதம் நிறுத்தினார்கள். 2012 முதல் நடந்த சுமார் 10,700 வழக்குகளை மறுபடி பரிசீலிக்க நேர்ந்தது.

ஒருவரது 127 நாள் நடமாட்டத்தைப் போலீஸார் வாங்கிய வழக்கில், இதற்கு வாரண்டு வேண்டுமென்று 2018-இல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நமது நாட்டிலோ, 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு, போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியே எழுத்து மூலம் உத்தரவிட்டுத் தஸ்தாவேஜுகளைத் தருவிக்க இடந்தருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நமது ஸுப்ரீம் கோர்ட் 2017-இலேயே கூறிவிட்டது. ஜாமீனில் உள்ளவர் தமது இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் போலீஸாருக்குக் காட்ட வேண்டுமென்ற நிபந்தனையை 2024-இல் அது தள்ளியது. ஜாமீன் பெற்ற எதிரிக்குள்ள பாதுகாப்பு, குற்றமே சாட்டப்படாத பிரஜைக்கு வேண்டாமா?

இதில் பொதுஜன ஊழியருக்கு விசேஷக் கவலை உண்டு. ஒரு டவரின் கீழ் ஒரு மணி நேரம் இருந்தவர்களின் ஜாபிதாவைத் தருவித்தால், திருடன் மாத்திரமல்ல, அன்று அவ்வூர்ப் பொதுக்கூட்டத்துக்கு வந்த அனைவரும் அதில் அகப்படுவர். இவ்விவரங்களைக் கம்பெனிகள் இரண்டு வருஷமாவது வைத்திருக்க வேண்டுமென்பது சர்க்கார் விதி.

ஆகவே, மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றி இவ்விவரங்களைத் தருவிக்கலாகாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். குழந்தை கடத்தல் போன்ற அவசரங்களில் போலீஸார் உடனே செயற்பட்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குக் காரணம் தெரிவிக்கட்டும். டவர் எவ்வளவு தூரம் எட்டுமென்பதை, விஷயமறிந்த எஞ்சினியர் கூண்டிலேறிச் சொல்லட்டும்; எதிரியின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யட்டும்.

கணக்குக் காட்டாதவர் சபையில் அமரத் தகுதியற்றவர் என்று ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். அந்த விதியைப் போலீஸாரின் இப்புதிய அதிகாரத்துக்கும் உரியதாக்கச் சட்டசபைப் பிரதிநிதிகள் முன்வருவார்களா?