பேக்கேஜில் இல்லாத தொண்ணூறு நாள்

அமெரிக்காவில் ஆயுளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர் தாய்லாந்தின் சியாங் மாயில் குடியேறினால், சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் மாதாமாதம் அவரைத் தேடி வந்துவிடும். மெடிகேர் வராது. 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட அந்த முதியோர் காப்பீடு, ஒருசில விதிவிலக்குகள் தவிர, நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போகும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

தாய்லாந்தின் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது நிறைந்தால் விண்ணப்பிக்கலாம். வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அந்த வயதில் வருகிறவர் வாடகையையும் கடற்கரையையும் கணக்குப் போடுவார். மூட்டை யார் நினைக்கிறார்கள்? நினைக்கும் வயது வரும்போது, 'மூட்டுத் தேய்மானம்' என்று மருத்துவக் குறிப்பில் ஏற்கெனவே இருந்தால் பல இன்சூரன்ஸ் பாலிசிகள் அந்தச் செலவை ஏற்பதில்லை. ஊர் திரும்பிச் செய்துகொள்ளலாம் என்றால், மருத்துவர் கட்டணத்தை ஏற்கும் மெடிகேர் 'பி' பிரிவுக்குச் சந்தா கட்டிவந்திருக்க வேண்டும். 2025இல் அது மாதம் 185 டாலர். பயன்படாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கட்ட எவருக்கும் மனம் வராது. ஆனால் கட்டாமல் விட்டுப் பிறகு சேர்ந்தால், தவறவிட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் சேரும்.

எனவே கைப்பணத்தைப் போட்டு பாங்காக்கிலேயே செய்துகொள்கிறார்கள். அங்குள்ள பெரிய மருத்துவமனைகளின் தரத்தில் குறையில்லை. குறை, விலைப்பட்டியலில் இருக்கிறது. அறுவை சிகிச்சை, செயற்கை மூட்டு, சில நாள் அறை, நாலைந்து முறை பிசியோதெரபி என்று போகும் பேக்கேஜ், டிஸ்சார்ஜோடு முடிந்துவிடுகிறது.

பாடு அப்புறம்தான். முழங்காலை முழுக்க நீட்டவும், 90 பாகைக்கு மேல் மடக்கவும் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு பழக வேண்டும். காலில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து வேளை தவறக்கூடாது. வாக்கரை விடும்வரை குளிக்க, சமைக்க, கமோடில் உட்கார்ந்து எழ ஒரு துணை வேண்டும். தாய்லாந்திலும் நம் ஊரைப் போல, கூட இருந்து பார்த்துக்கொள்வது குடும்பத்தாரின் வேலை. மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருக்கும் எழுபது வயது வெளிநாட்டுக்காரருக்கு அந்த ஆள் எங்கிருந்து வருவார்?

வேடிக்கை என்னவென்றால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய இந்த நாட்களின் முக்கியத்துவம் மெடிகேருக்கே தெரியும். 2016 ஏப்ரலில் 67 மாநகரப் பகுதிகளில் தொடங்கி 2024 வரை நடந்த ஒரு திட்டத்தில், இடுப்பு, முழங்கால் மாற்றியவரின் செலவுக்கும் சிகிச்சைத் தரத்துக்கும் டிஸ்சார்ஜுக்குப் பின் 90 நாள்வரை மருத்துவமனையே பொறுப்பு. வெளிநாட்டவருக்குப் பேக்கேஜ் விற்கும் மருத்துவமனைகளும் அந்த 90 நாளுக்குச் சேர்த்து விலை சொல்லட்டும். தொகை கூடும்தான். ஆனால் அதுதான் உண்மையான விலை.

பொருத்திய மூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுகளின் மதிப்பீட்டில், முழுமையாக மாற்றிய முழங்கால்களில் சுமார் 82 சதவீதமும் இடுப்புகளில் 58 சதவீதமும் 25 ஆண்டு தாங்குகின்றன. அதற்குள் இந்த ஓய்வூதியர் எத்தனை நாடு மாறுவாரோ! 2010 ஆகஸ்டில் டெப்யூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பொருத்திக்கொண்டவர்கள் சுமார் 93,000 பேர். ஆஸ்திரேலியாவில் தேசியப் பதிவேடு இருந்ததால் கோளாறு முன்பே தெரிந்தது. இந்தியாவிலோ சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தும், பெரும்பாலான நோயாளிகளைப் பின்னாளில் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. சொந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நாடு விட்டுப் போனவரை யார் தேடப்போகிறார்கள்?

பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டில் நியூஜெர்சிக்கும் டெக்சஸுக்கும் போகும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்திராதவர்கள், 65 வயதைத் தாண்டியிருந்தாலும், பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அதற்குள் மூட்டு பொறுக்காவிட்டால் சென்னைக்கு விமானம் ஏறுகிறார்கள். விவேகமான முடிவுதான். கோபால்ட் குரோமிய முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு 54,720 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. அதற்குமுன் சராசரி விலை 1.58 லட்சம். பார்த்துக்கொள்ள உறவும் இருக்கிறது. தப்பு, திரும்பும் டிக்கெட்டை மூன்றாம் வாரத்துக்கே போட்டுவிட்டு வருவது. நீண்ட விமானப் பயணத்தில் கால் இரத்தக்குழாயில் உறைவு ஏற்படும் ஆபத்து அப்போது அதிகம். தேதியை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

கிளம்பும்முன் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். செயற்கை மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் தயாரிப்பாளர், மாதிரி, அளவு, லாட் எண் எல்லாம் இருக்கும். அதன் நகல் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து ஹூஸ்டனில் அந்த முழங்காலைத் திறக்கும் மருத்துவர், எந்தப் பாகத்தை வரவழைப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.