பெட்டி பூப் விடுபட்டாள், வரைந்தவர்களின் பெயர்?

2026 ஜனவரி 1 அன்று ‘டிஸ்ஸி டிஷஸ்’ அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது. கார்ட்டூன் நாயகி பெட்டி பூப் முதன்முதலில் தலைகாட்டிய ஃபிளெய்ஷர் ஸ்டுடியோ படம் அது. வெளியானது 1930 ஆகஸ்டில். 95 ஆண்டுக் கெடு முடிந்துவிட்டதால் அங்கே இனி யாரும் அதைத் திரையிடலாம், வெட்டி ஒட்டலாம், அதிலுள்ள உருவத்தைக் கொண்டு புதுப்படமும் எடுக்கலாம். அமெரிக்கச் சந்தைக்கு வேலை செய்யும் இங்குள்ள ஸ்டுடியோக்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. இவ்விதழ் அதை வரவேற்கிறது.

மாடல் ஷீட் போடுமுன் இரண்டைக் கவனிக்க வேண்டும். விடுபட்டிருப்பது நாய்க்காது தொங்கும் 1930ஆம் ஆண்டு பெட்டி மட்டுமே. காது கம்மலாகி அவள் முழுப் பெண்ணானது 1932இன் ‘எனி ராக்ஸ்’ படத்தில். அந்த உருவத்துக்கு 2028 வரை பொறுப்பதே பாதுகாப்பு. பொம்மையும் சட்டையும் விற்க நினைப்பவர்களுக்கு டிரேட்மார்க் சிக்கல் தனியாக இருக்கிறது.

பெட்டி ஏன் இத்தனை காலம் நிலைத்தாள் என்பதற்குப் படங்களே விடை சொல்லும். அன்றைய கார்ட்டூன்களில் பெண் பாத்திரம் பெரும்பாலும் நாயகனுக்குப் பாவாடை கட்டிய நகல். பெட்டிக்கோ சொந்தப் பிழைப்பு இருந்தது, சொந்தப் பாட்டு இருந்தது. 1932இன் ‘மின்னி தி மூச்சர்’ படத்தில் பாடகர் கேப் காலோவேயின் நடனத்தை ரோட்டோஸ்கோப் செய்து வால்ரஸ் பேயாக ஆடவிட்டார்கள். இன்று பார்த்தாலும் அந்த அசைவு பிரமிக்க வைக்கிறது. 1934இல் ஹாலிவுட்டின் ஹேஸ் தணிக்கை விதிகள் இறுகியதும் அவள் பாவாடை நீண்டது, குறும்பு போயிற்று. 1939இல் தொடரே நின்றது. ஆனாலும் 1988இல் ‘ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்’டில் பழைய படங்களில் குரல் கொடுத்த மே குவெஸ்டலின் குரலோடே வந்தாள், 2025இல் பிராட்வே மேடையும் ஏறினாள்.

அவளை முதலில் வரைந்தவர் கிரிம் நாட்விக். பாடகி ஹெலன் கேனின் படத்தைப் பார்த்து அவர் போட்ட உருவம் அது. உரிமை ஸ்டுடியோவுக்குப் போனது. ஊரறிந்த பெயர் ஸ்டுடியோ தலைவர் மேக்ஸ் ஃபிளெய்ஷருடையது.

இங்கேதான் 2003ஆம் ஆண்டின் டாஸ்டார் தீர்ப்பு உறுத்துகிறது. முடிந்துபோன பதிப்புரிமைக்கு டிரேட்மார்க் சட்டத்தால் உயிர்கொடுக்க முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். நல்லது. அதே தீர்ப்பின்படி, உரிமை முடிந்த படைப்பை மறுபடி வெளியிடுபவர் அதை உருவாக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. படைப்பாளியின் தார்மிக உரிமைக்காக 1990இல் அங்கே வந்த சட்டமோ திரைப்படத்தையும் கூலிக்குச் செய்த படைப்பையும் வெளியே நிறுத்திவிட்டது. ஆக, நாளை ஒருவர் டைட்டில் கார்டை வெட்டிவிட்டு ‘டிஸ்ஸி டிஷஸ்’ படத்தை விற்கலாம். நாட்விக்குக்காகக் கேட்க அந்தச் சட்டங்களில் ஒரு வரி கிடையாது.

இது புதிய அநியாயம் அல்ல. அமெரிக்காவில் அனிமேட்டர் நிலைக்கு உயர்ந்த முதல் பெண்களில் ஒருவரான லிலியன் ஃபிரீட்மன் ஃபிளெய்ஷரில் பல படங்களுக்கு வரைந்தார். கிரெடிட் கிடைத்தது சிலவற்றில்தான். 1937இல் அந்த ஸ்டுடியோ ஊழியர்கள் கூலிக்கும் மரியாதைக்கும் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 1950களில் படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது முகப்பு அட்டைகளை மாற்றினார்கள். 1970களில் தென்கொரியாவில் ஃபிரேம் ஃபிரேமாக மறுபடி வரைந்து வண்ணமேற்றினார்கள். அந்தக் கைகளுக்குரியவர்கள் யார் என்று எந்த ரசிகருக்குத் தெரியும்?

இங்கே நிலைமை மேலா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி தன் பெயரைக் கோரலாம் என்கிறது. ஆனால் திரைப்படத்தின் படைப்பாளி தயாரிப்பாளர்தான் என்பதும் அதே சட்டம். வீடியோ படத்தில் எடுத்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் காட்டச் சொல்லும் 52ஏ பிரிவுக்கு, வரைந்தவரின் நினைவே வரவில்லை. முகவரிக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு அனிமேட்டரின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்க மனமில்லாமல் போனது ஏன்?

52ஏ பிரிவில் கலைஞர் பட்டியலைக் கட்டாயமாக்கும் திருத்தத்தை மத்திய அரசு கொண்டுவர வேண்டும். அதுவரை, பெட்டியை மறுபடி எடுக்கும் ஸ்டுடியோக்கள் நாட்விக்கின் பெயரை டைட்டிலில் போடட்டும். தங்களிடம் வேலை செய்யும் கடைசி இன்பிட்வீனர் வரை எல்லோருக்கும் கிரெடிட் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.